மூன்றாம் சரணத்தில் இருமல்

இன்று காலைத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பாட்டுக் கசற். தாளில் சிகரெட் மணம். வடக்கே தண்டர் பே என்ற ஊரிலிருந்து வந்திருக்கிறது. அனுப்பியவரை நான் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் நீல மையில் சாய்ந்த ஆங்கில எழுத்து. தேவாலய மண்டபம், ரொறொன்ரோ. தரம்: பி மைனஸ். மூன்றாம் சரணத்தில் இருமல், வேற்றுமொழிப் பேச்சு.

அந்த இருமல் நீ. அந்த வேற்றுமொழியும் நீ.

நான்கு வருடமாகத் தேடிய பொருள். இன்னும் கேட்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். கேட்ட பிறகு எழுத மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

*

றெக்கோட் பிளேயர் இல்லாத வீட்டுக்கு நீ ஒரு றெக்கோட் வாங்கி வந்தாய். அதிலிருந்துதான் எல்லாம்.

ரொறொன்ரோவின் பார்க்டேலில் ஐந்து பேர் இருந்த அப்பார்ட்மென்ற். நீ மெத்தைத் தொழிற்சாலையில் உறை தைப்பவர்களுக்குப் பஞ்சு அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அங்கே சுப்பவைசர் நாள் முழுக்க ஒரே வானொலியை விட்டிருப்பான். கிற்றாரும் பாஞ்சோவும் குதிரையும் குடியும். அவற்றுக்கு நடுவே ஒருநாள் அவள் பாடினாளாம். வடக்கே ஒரு சுரங்க ஊர்க்காரி. சின்னக் குரல். எழுபதுகளில் ஐந்து றெக்கோட் போட்டுவிட்டு ஒதுங்கிப் போனவள். அவளுடைய இரண்டாவது றெக்கோட்டைப் பழைய பொருட் கடையொன்றில் கண்டுபிடித்து, கேட்க வழியில்லாமல், சுவரில் ஆணி அடித்து மாட்டினாய்.

எங்களோடு இருந்த குமார் அண்ணை, எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அந்த அட்டைப் படத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஆரடா உவ?"

"எங்கடை மனிசி" என்றாய், பெண்சாதி என்ற பொருளில்.

"ரெண்டு பேருக்கும் ஒரு மனிசியோ? சமைச்சுத் தருவாவோ?"

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் மனிசி. மனிசி ஹமில்ரனில் பாடுகிறாளாம். மனிசியின் மூன்றாவது றெக்கோட் யாரோ விற்கிறானாம். கேட்பவர்கள் குழம்பிப் போவார்கள். நீ அதை ரசித்தாய்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி என்னிடம் வாக்கியங்கள் இருந்தன. வெளியின் அழகியல். விடுபடல்களின் மொழி. ஒருநாள் இவற்றை நான் சொல்லிக்கொண்டிருக்க, நீ மரக்கறி வெட்டியபடி சொன்னாய்.

"உவள் அழுறேல்லை மச்சான். அழுது முடிச்சிட்டு வந்து சொல்லுறாள்."

அதை என் கட்டுரையில் எழுதினேன். என்னுடையதாக. நல்ல புள்ளி கிடைத்தது. உனக்குச் சொல்லவில்லை.

*

பழைய றெக்கோட் கடை ஒன்றின் கதவில் தட்டச்சில் அடித்த ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அவளுடைய ரசிகர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு கூடுகிறார்கள். வெக்ஸ்போர்ட். மதியம் இரண்டு மணி.

வோல்ரர் என்பவரின் வீட்டு பேஸ்மென்ற். பாடசாலை ஒன்றில் காவலாளாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் எங்களைவிட இருபது வயது கூடியவர்கள். நாங்கள் இருவர்தான் தமிழர். உன்னோடு மெதுவாக, சத்தமாகப் பேசினார்கள். என்னோடு சாதாரணமாகப் பேசினார்கள். அந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் உனக்குச் சொல்லவில்லை.

அங்கே கடையில் கிடைக்கும் றெக்கோட்டுக்கு மதிப்பில்லை. மதிப்பெல்லாம் ஒலிப்பதிவுக்காரரும் கொம்பனிக்காரரும் தொடாதவற்றுக்கு. வானொலி நிலையத்தில் அவள் பாடிப் பார்த்தது. சிறு மண்டபங்களில் யாரோ சட்டைக்குள் மறைத்துப் பதிந்தது. ஒவ்வொரு கசற்றும் எத்தனையாவது தலைமுறை என்று கேட்பார்கள். மூலத்திலிருந்து எடுத்தது முதலாம் தலைமுறை. அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் கூடும், குரல் பின்னால் போகும். இதை வோல்ரர் விளக்கியபோது நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

"எங்கடை ஆக்களைப் பற்றியோ சொல்லுறார்?"

பிறகு தரம். ஏ என்றால் தூய்மை. பி என்றால் கேட்கலாம். சி என்றால் வேறு வழியில்லாதவர்களுக்கு. எல்லாம் வோல்ரரின் பட்டியலில் ஏறும். பட்டியல் போட்டோக்கொப்பியாகி நாடெங்கும் தபாலில் போகும்.

விதிகள் இரண்டுதான். கசற் ஓடும்போது யாரும் பேசக் கூடாது, கோப்பையைத் தூக்கக் கூடாது, பிஸ்கட் கடிக்கக் கூடாது. மற்றது: ஒன்றின் நல்ல பதிவு கிடைத்துவிட்டால், மோசமானதை வைத்திருக்காதே. அதன் மேல் நல்லதை எழுது. நல்ல நாடாவை வீணாக்காதே. ரசனை என்றால் அதுதான் என்றார் வோல்ரர்.

எனக்கு அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். அவ்வளவுதான். என் பெயருக்கு எதிரே ஒரு ஏ.

*

அந்த மாசியில் அவள் ரொறொன்ரோவுக்கு வந்தாள். ஒரு தேவாலய மண்டபம். மடக்குக் கதிரைகள். நீ வேலையில் அரை நாள் லீவு எடுத்தாய்.

என் ஜக்கெற் பையில் பதியும் வோக்மன். மைக் கழுத்துப்பட்டைக்குள். முழுப் பாதையிலும் உனக்குப் பாடம் எடுத்தேன். என் பக்கம் கை தட்டாதே. காலை ஆட்டாதே. மூக்கால் மூச்சு விடு. நீ எல்லாவற்றுக்கும் ஓம் என்றாய். அந்தக் குளிர்காலம் முழுக்க நீ இருமிக்கொண்டிருந்தாய். பஞ்சுத் தூசு என்று நீ சொன்னாய். பஞ்சுத் தூசு என்று டொக்ரரும் சொன்னார்.

ஐந்து றெக்கோட்டிலும் இல்லாத ஒரு பாட்டை அவள் எடுத்தாள். உறைந்த ஏரியைக் கடந்து போன ஒருவனின் சப்பாத்துகளைப் பற்றியது. யாரிடமும் இல்லாதது. என் பைக்குள் சுழன்றுகொண்டிருக்கிறது.

இரண்டாம் சரணம் முடிந்ததும் கிற்றாரை நிறுத்தினாள். மூன்றாவதைத் துணையில்லாமல் பாடத் தொடங்கினாள். மண்டபத்தில் ஒரு கதிரைகூட முனகவில்லை.

நீ இருமினாய்.

ஒரு தரம். பிறகு சால்வைக்குள் அமுக்கி இன்னொன்று. பிறகு என் காதுக்கு, அதாவது மைக்குக்கு, நேரே குனிந்து ஒரு மன்னிப்பு: "சொறி மச்சான்."

வீட்டுக்கு ஸ்ரீட்காரில் வந்தோம். நீ ஜன்னலைப் பார்த்தபடி விளக்கினாய். தொடக்கத்திலேயே தொண்டைக்குள் வந்துவிட்டதாம். "ரெண்டு சரணம் பிடிச்சன். மூண்டாவதிலை விட்டிட்டுது."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய்.

"மூண்டு நிமிசம் மூச்சைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு என்னத்துக்குப் பாட்டு?"

எங்களுக்கு முன்னால் இருந்த தமிழ்க் கிழவர் திரும்பிப் பார்த்தார். நீ சிரிக்க முயன்றாய். அதற்கும் இருமல் வந்தது.

*

அடுத்த ஞாயிறு அந்தக் கசற்றை வோல்ரரின் பேஸ்மென்றில் போட்டேன். நீயும் வந்தாய். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

முதலாம் சரணத்தில் வோல்ரர் கண்ணை மூடினார். இரண்டாம் சரணத்தில் ஒரு பெண் கையால் வாயைப் பொத்தினாள். மூன்றாவதில் நீ இருமினாய். அறை முழுக்கச் சுருங்கியது. ஒருவர் உரக்க நொந்துகொண்டார்.

யார் அந்த மடையன் என்று கேட்டார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவன், தெரியாது என்றேன். அந்த வேற்றுமொழிப் பேச்சு என்ன என்றார்கள். அதுவும் தெரியாது என்றேன். சீனமாக இருக்கலாம் என்றேன்.

நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் சிவந்து, பிறகு கறுத்து, கழுத்து நரம்பு எழும்பி. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நான் உன்னைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிடி என்று மனதுக்குள் சொன்னேன்.

விட்டுவிட்டது. அதே இருமல். அதே இரண்டு. கசற்றில் கேட்டது போலவே, முதலாம் தலைமுறைத் தெளிவோடு.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கலைஞர் இங்கேதான் இருக்கிறார் என்று யாரோ சொன்னார். வோல்ரர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாக. நான் சொன்ன பொய்யை அந்தச் சிரிப்பு மூடிவிடும் என்று நினைத்தேன். மூடிவிட்டது.

பட்டியலில் பி மைனஸ் என்று ஏறியது. வோல்ரர் தனக்கு ஒரு பிரதி எடுத்தார். இரண்டு பேருக்குத் தபாலில் அனுப்பினார். நீ பிறகு வெக்ஸ்போர்ட் பக்கம் வரவில்லை. கேட்டால் ஓவர்ரைம் என்றாய்.

*

ஐப்பசியில் மனிசி திரும்பி வந்தாள். இனிப் பாடப் போவதில்லை என்றார்கள். நீதான் தொழிற்சாலையிலிருந்து நேரே போய் வரிசையில் நின்று இரண்டு ரிக்கற் எடுத்தாய். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தாய்.

அன்று பின்னேரம் நீ ஷேவ் எடுத்துக்கொண்டிருந்தாய். குளியலறை வாசலில் நின்று சொன்னேன், நீ வராதே என்று. காரணம் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ஒரு கன்னத்தில் நுரையோடு என்னைக் கண்ணாடிக்குள் பார்த்தாய். "ரெண்டையும் கொண்டு போ. பக்கத்திலை ஒருத்தரும் இருக்க மாட்டினம்" என்றாய். பிறகு மற்றக் கன்னத்தையும் ஒழுங்காக எடுத்தாய்.

நான் இரண்டையும் கொண்டு போனேன்.

நல்ல நாடா வேண்டியிருந்தது. கடை திறந்திருந்தது, நேரமும் இருந்தது. நான் போகவில்லை. மேசை லாச்சியைத் திறந்து அந்த பி மைனஸை எடுத்தேன். விதி அதுதானே. மேல் விளிம்பின் இரண்டு பிளாஸ்ரிக் காதுகளும் உடைக்கப்பட்டிருந்தன. அவற்றை உடைத்தால் கசற்றின் மேல் எதையும் பதிய முடியாது. நான் உடைக்கவில்லை. நீ உடைத்திருக்கிறாய், கத்தி நுனியால், மிகக் கவனமாக. மறுபடி பதிவதற்காக அந்த ஓட்டைகளின் மேல் இரண்டு துண்டு செலோரேப் ஒட்டினேன்.

மண்டபத்தில் உன் கதிரையில் என் கோட்டை வைத்தேன். மைக்கை அதன் மேல் வைத்தேன். அவள் அந்தப் பாட்டைப் பாடினாள். மூன்றாம் சரணத்தில் ஒருவரும் இருமவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நீ சோபாவில் இருந்தாய். பாடினாளா என்றாய். ஓம் என்றேன். எப்படி என்றாய். அமைதியாக என்றேன். நல்லது என்றாய். பிரதி ஒன்று தா என்றாய். முதலில் வோல்ரருக்கு, பிறகு உனக்கு என்றேன்.

ஏ என்று போட்டார்கள். என் பெயருக்கு எதிரே. அந்த வருடம் பட்டியலில் வேறு ஏ இல்லை.

*

அது பஞ்சுத் தூசு இல்லை. நெஞ்சுக்கூட்டுக்குள், நடுவில், ஒன்று வளர்ந்திருந்தது. மாசியில் அந்த மண்டபத்தில் நாம் இருந்தபோதே அது இருந்திருக்கும் என்று டொக்ரர் சொன்னார். மொழிபெயர்த்து உனக்குச் சொன்னது நான்தான். அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். விடுபடல்களின் மொழி.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் மதியம். தையில் ஒருநாள், குமார் அண்ணை கொண்டு வந்த சூப்பை நீ தொடாமல் வைத்திருந்த நாள், அந்தப் பாட்டைக் கொண்டு வா என்றாய். நல்ல பதிவு இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினாய்.

"நல்லது வேண்டாம். என்ரை இருமல் உள்ளதைக் கொண்டு வா. அதிலை நான் சுகமா இருக்கிறன்."

நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் நல்லதைக் கொண்டுபோனேன். வேறு என்ன செய்வது. ஹெட்போனை உன் தலையில் மாட்டினேன். தலை அதற்குள் சின்னப் பிள்ளையின் தலையாகிவிட்டிருந்தது. முழுவதும் கேட்டாய். கண்ணைத் திறந்தாய்.

"சுத்தமா இருக்கு, மச்சான். ஆஸ்பத்திரி மாதிரி. ஒருத்தரும் இல்லை இதுக்குள்ளை."

பிறகு வோக்மனைத் திறந்து கசற்றை வெளியே எடுத்தாய். திருப்பினாய். மேல் விளிம்பில் பெருவிரலை ஓட்டினாய். செலோரேப் ஒட்டிய இடத்தில் விரல் நின்றது. முதல் துண்டு. இரண்டாவது துண்டு. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாய். திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டாய்.

என்னை நிமிர்ந்து பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"அப்ப மற்றதை நாளைக்குக் கொண்டு வா" என்றாய். மிகவும் மென்மையாக.

அதற்குப் பிறகு பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் நான் கோட்டைக் கழற்ற முன்னம் கேட்டாய்.

"கொண்டு வந்தனியோ?"

மறந்துவிட்டேன் என்றேன். வோல்ரரிடம் இருக்கிறது என்றேன். பற்றரி இல்லை என்றேன். ஒவ்வொரு பொய்யையும் ஓம் என்று ஏற்றுக்கொண்டாய். பரவாயில்லை, நாளைக்கு என்றாய். தாதி இருக்கும்போது கேட்டாய். குமார் அண்ணை இருக்கும்போது கேட்டாய். அவர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுத் திட்டினார், "ஒரு கசற் கொண்டு வர உனக்கு இவ்வளவு கஷ்டமோ" என்று. அதை நீ கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது.

நீ நல்லவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பதினொரு நாளும் நீ வதைப்பதில் என்னைவிடத் தேர்ந்தவனாக இருந்தாய். அதற்காக உன்னை மதிக்கிறேன்.

கடைசி நாள் உனக்குக் குரல் இல்லை. வாயில் குழாய். நான் உள்ளே வந்ததும் வலது கையைப் போர்வைக்கு மேலே எடுத்தாய். பெருவிரலை மெதுவாக ஓட்டினாய். ஒரு கசற்றின் மேல் விளிம்பில் ஓட்டுவது போல.

*

பிறகு தேடினேன். வோல்ரரிடம் போனேன். நல்லது வந்ததும் அதன் மேல் எழுதிவிட்டேனே என்றார். மற்ற இருவருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருவர் தானும் அப்படியே செய்ததாகப் பெருமையோடு பதில் போட்டார். மற்றவர் பதில் போடவில்லை. என் நல்ல பதிவு போன வீட்டிலெல்லாம் உன்னை அழித்திருந்தது. நான் அதைத்தான் ஏற்கெனவே பதினைந்து பேருக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன், முத்திரை ஒட்டி.

பட்டியலில் ஒரு துண்டு விளம்பரம் போட்டேன். தேவை: இருமல் உள்ள பிரதி. வோல்ரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பிழையாக எழுதிவிட்டாயா, இருமல் இல்லாதது என்று மாற்றவா என்றார். மாற்ற வேண்டாம் என்றேன். ஒவ்வொரு இதழிலும் அது வந்தது. நான்கு வருடம். யாரோ விளையாட்டுக்குச் செய்யும் பகிடி என்று நினைத்திருப்பார்கள்.

பதில் போடாத அந்த ஒருவர், தனக்கு வந்ததைத் தண்டர் பேக்காரருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

*

போட்டேன். இப்போதுதான்.

இரைச்சல். பனி விழும் தொலைக்காட்சி போல. மிகப் பின்னால் அவள். முதலாம் சரணம். எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர் மூக்கை உறிஞ்சுகிறார், அந்த அளவுக்கு நான் அந்த மண்டபத்தில் இருக்கிறேன். இரண்டாம் சரணம். கிற்றார் நிற்கிறது. அவள் தனியே தொடங்குகிறாள்.

மிக அருகில், அவளைவிடப் பல மடங்கு அருகில், ஒருவன் மூச்சை உள்ளே இழுக்கிறான்.

பிறகு ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. சில விநாடிகள். பிறகு அவள் அடுத்த வரியில் இருக்கிறாள்.

அட்டையை எடுத்து விரித்தேன். உட்புறத்தில் சின்ன எழுத்தில் ஒரு கடிதம். என் துண்டைப் பல இதழ்களில் பார்த்தாராம். இந்தப் பதிவில் கிற்றார் தொடக்கம் வேறு மாதிரி இருப்பதால்தான் நான் தேடுகிறேன் என்று ஊகித்தாராம். நான்கு வருடம் காத்திருந்தவனுக்கு அந்த எரிச்சல் எதற்கு என்று, பிரதி எடுக்கும்போது இருமல் வந்த இடத்தில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டாராம். இப்போது ஏ மைனஸ் என்றே போடலாமாம். அட்டை மட்டும் பழையதாம். தன்னிடம் இருந்த நாடாவின் மேல், எங்கள் வழக்கப்படி, வேறொன்றை எழுதிவிட்டாராம். நன்றி வேண்டாம் என்று முடித்திருக்கிறார்.

நல்ல மனிதர். கை மட்டும் ஒரு கணம் பிந்திவிட்டது. அதனால் நீ மூச்சை இழுத்தது தப்பிவிட்டது. விட்டது போய்விட்டது.

ஆறு தரம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் உன்னோடு சேர்ந்து நானும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன். அதற்குப் பிறகு பாட்டில் ஒன்றரை நிமிடம்தான் இருக்கிறது. அதுவரைகூட என்னால் முடியவில்லை.

உன்னால் முடிகிறது.